படகோட்டியின் இடது கை

நல்ல ஞாபகசக்தியோடு இருந்த ஒரு மனிதரை, தன் மூளை மங்கிப்போய்விட்டது என்று ஒரு மாதத்துக்கும் மேலாகப் பயப்பட வைத்தவள் நான். அதற்கு எனக்கு மருந்தோ மந்திரமோ தேவைப்படவில்லை. ஒரே ஒரு கதைப்புத்தகம் போதுமானதாக இருந்தது. அதிலும் வேடிக்கை, அந்தப் புத்தகத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவரோடு தினமும் மல்லுக்கு நின்றுகொண்டே இந்தக் காரியத்தைச் செய்தேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோன பிறகு மறைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது?

நெய்வேலியில், சுரங்கத்தின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. எந்தக் குழு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று அட்டவணை போட்டு, டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட். யார் எப்போது தூங்க வேண்டும் என்று நான்தான் சொல்கிறேன் என்பது இங்கே பலருடைய எண்ணம். அதனால் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பார்கள், மீதிப் பேர் முறைப்பார்கள்.

இந்த இரண்டு தரப்பிலும் மாயக்கதை படிக்கிறவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. எங்களுக்கென்று ஒரு எழுத்தாளர். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும். மணலுக்கு அடியில் ஓர் ஆறு ஓடுகிறது, அதன் கரையில் ஏழு ராஜ்யங்கள். தன் நிழலை விற்றுவிட்ட ராணி ஒருத்தி, நன்றாகச் சமைக்கத் தெரிந்த பூதம் ஒன்று, யார் கூப்பிட்டாலும் அக்கரையில் கொண்டுபோய் விடும் படகோட்டி ஒருவன். வயசானவர்கள் இதைப் போய்ப் படிப்பார்களா என்று என் நாத்தனார் கேட்பாள். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ராத்திரி பகலாக அடித்தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் நிலக்கரி வெட்டுகிறார்கள். மண்ணுக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்றால் நாங்கள் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

படிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிரதிதான். புத்தகக் கண்காட்சியில் புதுப் பாகம் வந்ததும் நான் வாங்குவேன். டைம் ஆபீஸில் இருக்கும் நாங்கள் மூன்று பேர், பகல் வேலைக்காரர்கள், முதலில் முழுசாகப் படித்து முடிப்போம். பிறகு அதை பைண்டரிடம் கொடுத்து மூன்று துண்டாக வெட்டச் சொல்வேன். தொள்ளாயிரம் பக்கப் புத்தகத்தை ஷிஃப்ட் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தால் கை முறிந்துவிடும். மூன்று துண்டுக்கும் பிரவுன் அட்டை போட்டால் பார்ப்பதற்கு ஏதோ ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும். வெளியில் ஒன்றும் எழுத மாட்டேன். அதிகாரிகள் கண்ணில் பட்டால் கதைப்புத்தகம் என்று தெரியக் கூடாதல்லவா?

முதல் துண்டைக் காலை ஷிஃப்ட் லாக்கரில் வைப்பேன், இரண்டாவதை மதிய ஷிஃப்ட் லாக்கரில், மூன்றாவதை இரவு ஷிஃப்ட் லாக்கரில். ஒரு குழு காலை ஷிஃப்டுக்கு வரும் வாரத்தில் படிக்க ஆரம்பிக்க வேண்டும். அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. எந்த ஷிஃப்டோ அந்த லாக்கரில் இருப்பதை எடுத்துக்கொண்டால் போதும், மூன்று வாரத்தில் புத்தகம் வரிசையாக முடிந்துவிடும். இந்த ஏற்பாடு என் மூளையில் உதித்தது. இதற்காக எனக்கு நானே பலமுறை சபாஷ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. படிக்கிறவர்கள் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதிவைக்க வேண்டும். அந்தக் கிறுக்கல்களில் அதிகமாக இருப்பது அண்ணனுடைய கையெழுத்து. அண்ணன் என்றால் கன்வேயர் ஆபரேட்டர். கம்மாபுரம் பக்கத்துக்காரர், இப்போது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் முதல் பாகத்தைக் கையில் கொடுத்து என்னைக் கெடுத்தவர் அவர்தான். ஆறாம் பாகத்தில் பூதம் என்ன சமைத்தது என்று கேட்டால் குழம்பு, பொரியல் உட்படச் சொல்வார். எங்கள் கூட்டமே அவரால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பதினேழாம் பாகம் வந்தது. நான் மூன்று நாளில் படித்தேன். கடைசியில் படகோட்டி வெள்ளத்தில் போய்ச் செத்தபோது ஆபீஸ் என்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்டி, அட்டை போட்டு, லாக்கர்களில் வைத்துவிட்டு, எப்போது எல்லாரும் வந்து அழுவார்கள் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

யாரும் அழவில்லை. முதலில் படித்து முடித்தது அண்ணனுடைய குழு. எங்கள் வாட்ஸாப் குழுவில் அவருடைய குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"சரக்கு தீந்துபோச்சும்மா அந்த ஆளுக்கு. என்னா எழுதறோம்னு தெரியாமயே எழுதிகினு இருக்கான். தலையும் இல்ல, காலும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நானும் குரல் செய்தி அனுப்பினேன். "இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் நல்ல பாகம் அண்ணே. ஒழுங்காப் படிச்சீங்களா?"

அடுத்தடுத்த வாரங்களில் மற்ற குழுக்களும் முடித்தன. ஷிஃப்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் எழுத்தாளர் தேய்ந்துவிட்டார் என்றார்கள். பகல் வேலைக்காரர்கள் மூன்று பேர் மட்டும் மறுபக்கம். மெக்கானிக்கல் பிரிவில் கோயமுத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார், இளம் இன்ஜினியர். அவரும் ஷிஃப்டில்தான் வருகிறவர். அவர் புதுக் கதை ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

"அவரு எழுதறதே இல்லீங்க்கா. ஆள் வெச்சு எழுதறாருங்க. ஒருத்தன் எழுதுனதை இன்னொருத்தன் படிக்காம எழுதுனா இப்படித்தானுங்க ஆகும்."

"உங்க மெஷினுக்கு நீங்க எழுதற லாக்புக்கைவிட நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன்.

சண்டை சூடு பிடித்தது. ஷிஃப்ட் பஸ்ஸில், கேன்டீனில், டவுன்ஷிப் பஜாரில் காய்கறிக் கடை முன்னால்கூட நடந்தது. ஷிஃப்டுக்காரர்களுக்குத் தூக்கம் போதாது, அதனால் ரசனையும் போதாது என்று நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

ஒருநாள் அண்ணன் வாட்ஸாப்பில், "இதோட நான் படிக்கறதை நிறுத்திகினேன். அடுத்த பாகம் எனக்கு வேணாம்" என்று போட்டார். அவர் இல்லாமல் என்ன படிப்பு? பென்சில் கிறுக்கல் இல்லாத பக்கத்தை யார் புரட்டுவார்கள்? பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். எல்லாரும் கேட்கும்படி குழுவிலேயே சொன்னேன்: "எழுத்தாளருக்கு ஒண்ணும் ஆகலை அண்ணே. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு. மண்டையில ஏறலைன்னா ஏறலைன்னு சொல்லிட்டுப் போங்க."

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சாயங்காலம் பார்த்தால் அண்ணன் குழுவிலிருந்தே வெளியேறியிருந்தார். ரோஷக்காரர், இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், டைம் ஆபீஸில் நான் மட்டும் இருந்தபோது வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு வேணும்மா. நரம்பு டாக்டருக்கு" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் எங்கள் ஆபீஸ் வேலைதான்.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "எழுத்தாளரைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத்தாம்மா. நீ சொன்னது சரிதான்."

"என்ன அண்ணே சொல்றீங்க? நான் ஏதோ கோபத்துல..."

"இல்லம்மா. எங்க அக்கா எங்க வூட்டுலதான் இருக்குது, உனக்குத் தெரியுமில்ல? அதுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல டிவி சீரியலு புரியலைன்னுது. நேத்து செத்தவ இன்னிக்கு எப்படி வந்தான்னு கேட்டுகினே இருக்கும். நாங்கல்லாம் சிரிச்சிகினு இருந்தோம். இப்ப என்னையே நீ யாருடாங்குது. எனக்கும் அதேதான் வந்துட்டுது. புக்கு படிச்சா நிக்க மாட்டேங்குது."

அவர் குரல் நடுங்கியது. எத்தனை வருஷப் பழக்கம், அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"ஊருக்கு முன்னாடி எழுத்தாளரைத் திட்டிகினு இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்குத்தான் கோளாறுன்னு பயம். மத்த பசங்க நான் சொன்னேன்னு தலையாட்டறானுங்க. நீ முழுசா படிச்சவ. நல்லா இருக்குதுங்கற. அப்ப கோளாறு யாரு கிட்ட?"

"எது புரியலை அண்ணே?" என்று கேட்டேன்.

"படகோட்டி செத்துட்டான் இல்ல? வெள்ளத்துல போய்ட்டான். நல்லா ஞாபகம் இருக்குது, நானே பென்சில்ல 'ஐயோ'ன்னு எழுதினேன். அடுத்த வாரம் புக்கை எடுத்தா, அவன்பாட்டுக்குப் படகு ஓட்டிகினு இருக்கான். ஒருத்தரும் ஏண்டா, நீதான் செத்துட்டியேன்னு கேக்கல. மாயக்கதைதானே, பொழைச்சிகினான் போலன்னு நெனைச்சிகினு திருப்பித் திருப்பிப் படிச்சேன். எங்க பொழைச்சான்னு தேடித் தேடிப் பாத்தேன். காணோம்மா."

"அடுத்த வாரமா? அவன் சாகறது கடைசியிலயாச்சே அண்ணே."

"எங்க கடைசியில? நடுவுல செத்தான்."

எனக்கு எதிரே, அறிவிப்புப் பலகையில், அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. நானே டைப் அடித்து, நானே கையெழுத்து வாங்கி, நானே நாலு மூலையிலும் குண்டூசி குத்தியது. புதுப் புத்தகம் வந்த அதே மாதம் ஷிஃப்ட் சுழற்சியை மாற்றியிருந்தார்கள். காலைக்குப் பிறகு மதியம், மதியத்துக்குப் பிறகு இரவு என்று இருந்ததைத் திருப்பிவிட்டார்கள். இப்போது காலைக்குப் பிறகு இரவு, இரவுக்குப் பிறகுதான் மதியம். முந்நூறு பேருடைய வாரத்தைப் புரட்டிப்போட்ட அந்தத் தாளை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன் என்று பெருமை வேறு. மூன்று லாக்கரில் மூன்று துண்டு இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

ஷிஃப்டுக்காரர்கள் அத்தனை பேரும் முதல் துண்டு, மூன்றாம் துண்டு, இரண்டாம் துண்டு என்று படித்திருக்கிறார்கள். அட்டையில் எண் கிடையாது. பைண்டர் ஓரத்தை நறுக்கியதில் பக்க எண்களும் போய்விட்டன. கடைசியில் முற்றும் போடுகிற பழக்கம் எங்கள் எழுத்தாளருக்கு இல்லை. அத்தியாயங்களுக்குத் தலைப்பு மட்டும்தான் வைப்பார். யாரைச் சொல்லி என்ன? எல்லாச் சந்து பொந்தையும் நானே அடைத்துவைத்திருந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். பலகையைக் காட்டி, விரலால் கோடு போட்டு, இரண்டு முறை சொன்னேன். நல்லாத் திட்டட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"நான் டாக்டர் இல்லை அண்ணே. ஆனா செத்தவன் பொழைச்சது உங்க மண்டையில இல்லை. இந்தப் பலகையில."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறு எதுவுமா என்று நான் பார்க்கவில்லை. "இருந்தாலும் சீட்டைக் குடு. கையில இருக்கட்டும்" என்றார். எழுதினேன். நரம்பு சிகிச்சை என்று எழுதி, பேர் எழுதப் போனபோது தடுத்தார். "பேரு இப்ப போடாத. வர்றவன் போறவன்லாம் பாப்பான். தேவைப்பட்டா நானே போட்டுக்கறேன்."

மூன்று துண்டையும் எடுத்துவந்து, முதல் முறையாக அட்டையில் பெரிசாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். சீட்டை மடித்து முதல் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழுவில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அண்ணன் சீட்டு கேட்டதை மட்டும் சொல்லவில்லை, அது அவருடைய சமாசாரம். கோயமுத்தூர்த் தம்பி, "ஏனுங்க்கா, அப்ப ஆள் வெச்சு எழுதுனது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். வேறு வழி?

வெளியில் சிரித்தேனே தவிர உள்ளுக்குள் நிம்மதி இல்லை. வரிசையாகப் படித்தும் அவருக்குப் புரியாமல் போய்விட்டால்? அந்தச் சீட்டில் அவர் பேர் ஏறிவிட்டால்? எத்தனையோ தடவை போனை எடுத்துவிட்டு வைத்தேன். கேட்டால் பரீட்சை வைப்பது போல இருக்குமே.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குவார்ட்டர்ஸில் கூட்டம். கொல்லைப் பலாமரத்தில் பழம் வெட்டியிருந்தேன், குற்றவாளி செலவில் விருந்து என்று சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். எல்லாரும் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பலாச்சுளையைத்தான் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். "வரிசையா படிச்சேன். ஒரு தபாவுக்கு ரெண்டு தபா படிச்சேன். இப்பவும் சொல்றேன், அந்த ஆளு தேஞ்சுதான் போய்ட்டான்."

ஷிஃப்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினொரு குற்றம் எழுதி வைத்திருந்தார். ராணி நிழலை விற்றவள், இந்தப் பாகத்தில் விளக்கு வெளிச்சத்தில் அவள் நிழல் சுவரில் விழுகிறது. பூதத்துக்கு வெங்காயம் ஆகாது என்று மூன்றாம் பாகத்தில் சத்தியம் செய்திருக்கிறது, இங்கே வெங்காயத் துவையல் அரைக்கிறது. இப்படியே போயிற்று. பதினொன்றாவதுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"படகோட்டி செத்ததுக்கு அழுதியே, எப்படிச் செத்தான்?"

"ரெண்டு கையாலயும் துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வெள்ளத்தை எதிர்த்து... கடைசிவரைக்கும் விடாம..."

"ரெண்டு கை! நாலாம் பாகத்துல முதலை அவன் இடது கையைக் கவ்விகினு போச்சே, அது எப்பம்மா மொளைச்சுது?"

நான் எண்ணெய்க் கையோடு உள்ளே ஓடி நாலாம் பாகத்தை எடுத்தேன். இருந்தது. முதலை, இடது கை, முழங்கைவரைக்கும். பக்கத்தில் பென்சிலால் அண்ணன் கையெழுத்தில், 'பாவம், இனி ஒத்தைக் கை' என்றும் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதியது. நானும் அதைப் படித்திருக்கிறேன், அந்தக் கிறுக்கலையும் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் பதின்மூன்று பாகம் கழித்து, இல்லாத கைக்காக ஆபீஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

"தோத்துட்டேன் அண்ணே" என்றேன். ஒரு வாதத்தில் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தோற்றவள் எதற்குக் கண்ணைத் துடைக்கிறாள் என்று தம்பி விழித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த பாகம் வேணாம்னீங்களே அண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம்தான்" என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா அந்த ஆளு இன்னும் என்னென்ன மறக்கப்போறான்னு ஒருத்தன் கூட இருந்து பாத்துக்கணுமில்ல?"

எல்லாரும் போன பிறகு அண்ணன் விட்டுப்போன பையிலிருந்த மூன்று துண்டையும் எடுத்து அடுக்கினேன். மூன்றாவதில், வெள்ளம் வருகிற பக்கத்தில், ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு. பேர் இல்லாமல் விட்டிருந்த இடத்தில் பேர் எழுதியிருந்தது. விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் படித்தேன்.

நோயாளி பெயர் என்ற இடத்தில், பென்சிலால், நல்ல உருண்டைக் கையெழுத்தில், எங்கள் எழுத்தாளரின் பெயர். நோய்க்குறி என்ற இடத்தில், 'யாருக்கு எத்தனை கை என்று மறந்துவிடுகிறது.'